முள் ஏறும் நேரம்

3 ஏப்ரல் 2024, புதன்

ஒருவழியாக ரேடியேட்டர் மாற்றியாயிற்று. மார்ச் கடைசியிலிருந்தே வண்டி நிற்கும் இடத்தில் பச்சையாக ஒரு ஈரம். காலையில் பார்த்தால் ரிசர்வ் டப்பாவில் ஒரு விரற்கடை குறைந்திருக்கும். சிவாஜிநகரில் ரேடியேட்டர் வேலை பார்க்கும் பாயிடம் காட்டினேன். அலுமினியக் கூடும் மேலே உள்ள பிளாஸ்டிக் தொட்டியும் சேரும் விளிம்பில் விரிசல். "பழைய பித்தளை ரேடியேட்டரா இருந்தா பத்த வெச்சுக் கொடுத்திருப்பேன்மா. பிளாஸ்டிக்ல ஈயம் நிக்காது. எம்-சீல் அப்பினா கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் நடுரோட்டுல கைவிட்டுடும்" என்றார். நேர்மையான பதில். புதிதே போட்டுவிடலாம் என்று வேலையை ஒரு பெரிய ஷெட்டில் விட்டேன். ஃபேன் மோட்டாரும் கொஞ்ச நாளாகக் கரகரவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் அதையும் சேர்த்து மாற்றிக் கொடுத்தார்கள்.

வண்டி 2004 மாடல் மாருதி எண்ணூறு. அப்பா எச்.ஏ.எல்.லில் ஃபிட்டராக இருந்தபோது வாங்கியது. ஏசி கிடையாது. அன்றைக்குப் பெங்களூரில் ஏசி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்பாவும் அம்மாவும் ஓய்வுக்குப் பிறகு காவேரிப்பட்டினத்துக்கே போய்விட்டார்கள். வண்டி அல்சூரில் என்னோடு தங்கிவிட்டது. 15 வருஷம் முடிந்து 2019-இல் ஆர்.சி. புதுப்பித்தோம். இந்த வருஷம் மறுபடி புதுப்பிக்க வேண்டும், கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 600 ரூபாய் இல்லை, 5000. டெல்லியில் இருந்திருந்தால் பெட்ரோல் வண்டிக்கு 15 வருஷத்தோடு கதை முடிந்திருக்கும். இங்கே தகுதிச் சோதனையில் தேறினால் ஓட்டலாம். தேற வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

5 ஏப்ரல், வெள்ளி

பழைய மெட்ராஸ் ரோட்டில் டின் ஃபாக்டரிக்கு முன்னால் வழக்கமான நெரிசல். ஊர்ந்து போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சின் சூடு காட்டும் முள் பாதியைத் தாண்டியது. அடுத்த நிமிஷம் சட்டென்று கீழே விழுந்தது. மறுபடி விர்ரென்று ஏறி 'எச்' எழுத்தைத் தொட்டது. ஓரம் கட்டி எஞ்சினை அணைத்தேன். பானெட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று கொதிக்கும் சத்தம்.

ஆட்டோ ஓட்டும் ஒருவர் நல்ல மனதோடு தண்ணீர் பாட்டிலும் கையுமாக ஓடிவந்தார். அதற்குள் அப்பா போனில்: "கேப்பத் தொறக்காத பாப்பா. தண்ணி ஊத்தாத. தொட்டா கை சுடாத அளவு ஆறட்டும்." அவர் சொன்னது சரிதான். பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. திறந்த பாத்திரத்தில் இங்கே தண்ணீர் 97 டிகிரிக்கே கொதித்துவிடும். ரேடியேட்டர் கேப்பில் 0.9 என்று போட்டிருப்பது அழுத்தத்தின் அளவு. அந்த அழுத்தம் இருப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் 115 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. கேப்பைத் திறந்த கணமே அழுத்தம் போய் அத்தனையும் ஆவியாகி முகத்தில் அடிக்கும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் வெடிக்கவோ கோணிக்கொள்ளவோ வாய்ப்பு உண்டு. ஆட்டோக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். பாட்டிலை என் கையிலேயே கொடுத்து, "அப்ப நீங்க குடிங்க" என்றார்.

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, மெதுவாக வீடு வந்து சேர்ந்தேன். அம்மாவின் முட்டிக்கு இங்கே டாக்டரைப் பார்ப்பதற்காக இருவரும் நாளை வருகிறார்கள். 19-ஆம் தேதி தமிழ்நாட்டில் ஓட்டுப்பதிவு. அதற்குள் அவர்களை ஊரில் கொண்டுபோய் விட வேண்டும். தேர்தலுக்கு முந்தின நாள் ஓசூர் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுவது கல்யாண வயசுப் பையன்களுக்கே கஷ்டம். அம்மாவால் பஸ் படியே ஏற முடிவதில்லை.

6 ஏப்ரல், சனி

அப்பா வந்ததும் காப்பியைக்கூட நின்றபடியே குடித்துவிட்டு பானெட்டைத் திறந்தார்.

முள் ஏறி, விழுந்து, மறுபடி ஏறியது என்று சொன்னதுமே, "உள்ள காத்து மாட்டியிருக்கு" என்றார். ரேடியேட்டர் மாற்றும்போது மொத்தத் தண்ணீரும் வெளியே போகிறது. திரும்ப அவசரமாக நிரப்பினால் ஹெட்டின் மேல் பக்கம் காற்றுப் பை ஒன்று தங்கிவிடும். சென்சார் தண்ணீரில் நனைந்திருந்தால்தான் ஒழுங்காகச் சொல்லும்; காற்றிலோ ஆவியிலோ நின்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். அந்தக் காற்று நகரும்போதெல்லாம் முள் ஆடும்.

அப்புறம் கீழ் ஹோஸைக் கழற்றி வடித்தோம். வந்த தண்ணீர் வெளிறின பச்சை. கூலன்ட் என்று பில்லில் எழுதியிருந்தாலும் முக்கால்வாசி குழாய்த் தண்ணீர்தான். இந்த வருஷம் எங்கள் தெருவில் வருவதெல்லாம் டேங்கர் தண்ணீர், போர்வெல் தண்ணீர். கெட்டில் அடியில் ஒரே வாரத்தில் வெள்ளையாகப் படிகிறது. அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். டிஸ்டில்ட் வாட்டர் கேன் வாங்கிவந்து, கூலன்ட்டைச் சரிபாதி கலந்தோம். வடித்த தண்ணீரை அப்பா ஒரு பக்கெட்டில் மூடி வைத்தார். கூலன்ட்டில் உள்ள கிளைகால் இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கினாலே செத்துப்போகும்.

எங்கள் தெரு ஏரிப் பக்கமாகச் சரியும். மேட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினால் ரேடியேட்டரின் வாய்தான் எல்லாவற்றுக்கும் மேலே வரும். குளிர்ந்த எஞ்சினில் கேப்பைத் திறந்துவைத்து, புனல் சொருகி, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டோம். மேல் ஹோஸை அப்பா துணி சுற்றிப் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டார். முதலில் சின்னச் சின்னக் குமிழ்கள். எஞ்சின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடும் வால்வான தெர்மோஸ்டாட் திறந்ததும் ரேடியேட்டர் வாயில் 'குபுக்' என்று ஒரு பெரிய ஏப்பம். தண்ணீர் மட்டம் ஒரு சாண் உள்ளே இறங்கியது. இன்னும் ஊற்றினோம். குமிழ் முழுசாக நிற்கும்வரை விடவில்லை.

7 ஏப்ரல், ஞாயிறு

முள்ளின் ஆட்டம் நின்றுவிட்டது. ஆனால் சூடு தீரவில்லை. இப்போது விழாமல், துள்ளாமல், மெதுவாக ஏறுகிறது. நூறடி ரோட்டில் நெரிசலில் ஊர்ந்தபோது முக்கால் வரைக்கும் வந்தது. டொம்லூர் பாலம் தாண்டி வேகம் எடுத்ததும் தானாக இறங்கியது.

இரண்டு கோளாறு ஒன்றன்மேல் ஒன்றாக இருந்திருக்கிறது. ஒன்றைத்தான் எடுத்திருக்கிறோம்.

8 ஏப்ரல், திங்கள்

ஷெட்டுக்குப் போன் செய்தேன். முழுசாகக் கேட்பதற்கு முன்பே, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் மேடம். ஹெட்டை இறக்கணும், லேத்துல கொடுத்து ஃபேஸ் பண்ணணும், பதினஞ்சாயிரம் ஆகும். பழைய வண்டிக்கு அவ்வளவு செலவு பண்றதுக்குப் பதிலா எக்ஸ்சேஞ்சுல கொடுத்துடுங்க" என்றார். ஹெட் கேஸ்கெட் என்பது ஹெட்டுக்கும் அதற்குக் கீழே சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கிற தகடு.

வண்டியைப் பார்க்கவில்லை. எப்போது சூடாகிறது, எப்போது இறங்குகிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. டாக்டர் நாடி பிடிக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பதை நாம் ஒப்புக்கொள்வோமா?

9 ஏப்ரல், செவ்வாய், யுகாதி

தெருவெல்லாம் மாவிலைத் தோரணம். எதிர்வீட்டு அம்மா வேப்பம்பூவும் வெல்லமும் கொடுத்துவிட்டுப் போனார். எங்களுக்கு விடுமுறை, அதனால் முழு நாளும் வண்டிக்கு.

ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று செலவில்லாமல் பார்க்க வழி இருக்கிறது. விடியற்காலை, எஞ்சின் ராத்திரி முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது கேப்பைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் கசிந்தால் முதல் நிமிஷத்திலிருந்தே சாரை சாரையாகக் குமிழ் வரும். வரவில்லை. ஆயில் மூடியின் உட்புறத்தில் மோர் மாதிரி வெளுத்த படலம் இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி வரிசையாக வைத்தோம். மூன்றும் ஒரே பழுப்பு நிறம். தண்ணீர் குடிக்கிற சிலிண்டரின் பிளக் மட்டும் கழுவிவைத்த மாதிரி பளிச்சென்று இருக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகையோ இனிப்பு வாசனையோ இல்லை. கடைசியாக, குளிர்ந்த எஞ்சினில் கேப்பை மூடி ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸைப் பிடித்துப் பார்த்தேன். உடனே கல் மாதிரி இறுகினால் கேஸ்கெட். மெத்தென்றுதான் இருந்தது.

இதையெல்லாம் பார்த்தபிறகு அப்பா சொன்னார்: "கேஸ்கெட் நல்லாத்தான் இருக்கு. அது போறதுக்குள்ள சூட்ட நிறுத்தணும்." அதுதான் உண்மையான கவலை. கேஸ்கெட் போனதால் வண்டி சூடாவது ஒருபக்கம். சூடான வண்டியை அப்படியே ஓட்டி ஓட்டி கேஸ்கெட்டைப் போக்குவதும் நடக்கும்.

மத்தியானம் தெர்மோஸ்டாட். அம்மா, இனிமேல் சமையலுக்கு எடுக்கமாட்டேன் என்று ஒரு பழைய அலுமினியச் சட்டியைக் கொடுத்தார். தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம், அடியைத் தொடாமல். விளிம்பில் 82 என்று அச்சு. உள்ளே ஒரு சின்ன உருளையில் மெழுகு. சூடானால் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளும், ஆறினால் ஸ்பிரிங் இழுத்து மூடும். மின்சாரம் இல்லை, வயர் இல்லை. சமையல் தெர்மாமீட்டர் 80-ஐத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் வால்வின் ஓரத்தில் நூல் கனத்துக்கு ஒரு கீற்று தெரிந்தது. தண்ணீர் தளதளக்கும்போது நன்றாகத் திறந்துவிட்டது. அம்மா எட்டிப் பார்த்து, "ஏங்க, இது பூ மாதிரி தெறக்குதே" என்றார். காற்று போகும் சின்ன ஓட்டை மேல் பக்கம் வரும்படி வைத்துத் திரும்ப மாட்டினோம், புது கேஸ்கெட்டோடு.

11 ஏப்ரல், வியாழன், ரம்ஜான்

கடைகள் மூடியிருக்கின்றன. பக்கத்து வீட்டுப் பிரியாணி. அப்பா வாட்டர் பம்ப் புல்லியை ஆட்டிப் பார்த்தார், ஆட்டம் இல்லை. அடியில் கசிவும் இல்லை. பெல்ட் இழுவை சரி. இந்த எஞ்சினில் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் ஒரே பெல்ட்தான் சுற்றுகிறது, அது தளர்ந்தால் பேட்டரி விளக்கும் காட்டிக்கொடுத்திருக்கும்.

13 ஏப்ரல், சனி

எஸ்.பி. ரோட்டில் வெப்பம் பார்க்கும் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். கோவிட் காலத்தில் நெற்றியில் காட்டினார்களே, அது இதற்கு ஆகாது. உடம்புச் சூட்டுக்கு மேல் அது படிக்காது. பட்டறை வேலைக்கான துப்பாக்கி வேறு. ஒரு விஷயம் கவனிக்க வேண்டும்: பளபளப்பான அலுமினியத்தில் காட்டினால் தப்பாகச் சொல்லும். கறுப்பு ரப்பர் ஹோஸில் காட்டினால் நம்பலாம்.

மேல் ஹோஸ் வழியாக எஞ்சினிலிருந்து சூடான தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகிறது. கீழ் ஹோஸ் வழியாக ஆறின தண்ணீர் திரும்புகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரேடியேட்டர் செய்த வேலை. மேலே கொதித்து கீழே சில்லென்று இருந்தால் தண்ணீர் ஓடவில்லை என்று பொருள்: தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது பம்ப் தள்ளவில்லை, அல்லது அடைப்பு.

வீட்டு வாசலில் ஐடிலில் விட்டு, ஃபேன் ஓட ஆரம்பித்த பிறகு பார்த்தோம். மேலே 97, கீழே 91. தண்ணீர் நன்றாக ஓடுகிறது. ஆனால் போன சூட்டோடு அப்படியே திரும்பி வருகிறது. அப்புறம் சாலை காலியான நேரத்தில் உள்வட்டச் சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டிவிட்டு, நிறுத்திய கையோடு பார்த்தோம்: மேலே 88, கீழே 72. அதே ரேடியேட்டர், அதே தண்ணீர். வித்தியாசம் காற்று மட்டும்தான்.

இன்னொன்றும் கவனித்தேன், இதுதான் மண்டையைக் குடைகிறது. சும்மா நிற்கும்போது முள் மெதுவாக ஏறுகிறது. பத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது இன்னும் சீக்கிரம் ஏறுகிறது. ஊரும்போது கொஞ்சமாவது எதிர்க்காற்று கிடைக்குமே, நிற்பதைவிடக் குளிர்ச்சியாகத்தானே இருக்க வேண்டும்? ஃபேன் ஓடுகிறது, கண்ணால் பார்க்கிறேன். ஓட ஆரம்பித்தால் நிற்பதே இல்லை. எங்கேயோ காற்று தொலைகிறது.

14 ஏப்ரல், ஞாயிறு, குரோதி வருஷப் பிறப்பு

கண்டுபிடித்துவிட்டோம்!

மாங்காய்ப் பச்சடி தாளிக்கும் வாசனை தெருவரைக்கும் வந்துகொண்டிருந்தது. அப்பா தந்தி படித்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை ஐடிலில் விட்டுவிட்டு, நம்பர் பிளேட்டுக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிரில் வழியாக ரேடியேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் கிளிக் என்று ஓட ஆரம்பித்தது. முகத்தில் அனல் அடித்தது. அடுப்பு வாய் முன்னால் உட்கார்ந்த மாதிரி. புடவைத் தலைப்பு பின்பக்கமாகப் பறந்தது.

"அப்பா, முன்னால சூடு வருது."

"முன்னால எப்படி வரும்?" என்றபடி எழுந்து வந்தார். கையை நீட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. பேச்சே இல்லை. கையிலிருந்த பேப்பரில் ஒரு தாளைக் கிழித்தார், முழுப்பக்கத் தேர்தல் விளம்பரம். கிரில்லுக்கு முன்னால் இரண்டு விரலில் பிடித்துக் காட்டினார். தாள் கிரில்லோடு ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. வெளிப்பக்கமாகப் படபடத்து, விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணைக்குப் பறந்துபோயிற்று.

ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது.

ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கம் இருக்கிற ஃபேன் இது. முன்னாலிருந்து காற்றை ரேடியேட்டர் வழியாக உள்ளே இழுப்பதுதான் இதன் வேலை. பல்புக்கு எந்த வயரை எந்தப் பக்கம் கொடுத்தாலும் எரியும். இந்த மாதிரி பிரஷ் வைத்த டி.சி. மோட்டாருக்கு பிளஸ் மைனஸ் மாறினால் சுற்றும் திசையே மாறிவிடும். புது மோட்டாரின் கப்ளர், அதாவது வயர்களைக் கோர்க்கும் சொருகி, பழைய வயரிங்கோடு பொருந்தவில்லை போலும். ஷெட்டில் வயரை வெட்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தோம். மல்டிமீட்டரின் சிவப்பு முனையை மோட்டாரின் பிளஸ் வயரில் வைத்தபோது திரையில் எண்ணுக்கு முன்னால் மைனஸ் குறி.

இப்போது எல்லாம் கோர்வையாகப் புரிகிறது. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று பலமாக வந்து குளிர வைத்துவிடுகிறது. ஃபேன் தேவையே இல்லை, அது ஓடவும் இல்லை. நிற்கும்போது ஃபேன் எஞ்சின் அறையில் ஏற்கெனவே காய்ந்துபோன காற்றை எடுத்து ரேடியேட்டருக்குள் தள்ளுகிறது. இறக்கைகளின் வளைவும் அந்தத் திசைக்கானது இல்லை, அதனால் தள்ளுகிற காற்றும் குறைவு. ஊரும்போதுதான் மோசம். முன்னாலிருந்து வரும் காற்றும் பின்னாலிருந்து ஃபேன் தள்ளும் காற்றும் ரேடியேட்டருக்குள் முட்டிக்கொண்டு, இரண்டும் நகராமல் நிற்கின்றன. நேற்று மண்டையைக் குடைந்த கேள்விக்கு விடை அது. ஓடுகிற ஃபேனைப் பார்த்து "ஃபேன் ஓடுதே" என்று எல்லோரும் அடுத்த பாகத்துக்குப் போய்விடுகிறோம். எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அம்மா பச்சடியைக் கிண்ணத்தில் கொண்டுவந்து வாசலிலேயே கொடுத்தார்.

15 ஏப்ரல், திங்கள்

எங்கள் முனையில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருக்கும் தம்பியிடம் கொண்டுபோனோம். சும்மா இரண்டு வயரை மாற்றி முறுக்கி டேப் சுற்றினால் அரை நிமிஷ வேலைதான். அப்பா விடவில்லை. "தம்பி, இதுல நெறைய கரண்ட் போவுது. முறுக்கின எடம் சூடாவும், அப்புறம் டேப் உருகும்." பையன் முகம் சுளிக்காமல் புதுக் கப்ளர் போட்டு, முனைகளைப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் ஏற்றிக் கொடுத்தான். பிளஸ் வயரில் சிவப்பு டேப் ஒரு சுற்று.

மறுபடி பேப்பர் சோதனை. ஃபேன் ஓடியதும் தாள் சப்பென்று கிரில்லில் ஒட்டிக்கொண்டது. கையை எடுத்தும் விழவில்லை. பையன் போனில் படம் எடுத்துக்கொண்டான், இனிமேல் எல்லா வண்டிக்கும் இதைச் செய்து பார்ப்பானாம். ஃபேன் ஒரு நிமிஷம் ஓடிவிட்டுத் தானாக நின்றது. இத்தனை நாளில் அது தானாக நின்றதை இப்போதுதான் பார்க்கிறேன். துப்பாக்கியில் மேலே 93, கீழே 79.

ஷெட்டுக்குப் போன் செய்து சொன்னேன். முதலில் நம்பவில்லை, "சுத்துச்சே மேடம்" என்றார். பேப்பர் பறக்கும் வீடியோவை அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, வயரிங் கூலியைத் திருப்பித் தருவதாகச் சொன்னார். எனக்கு அந்தப் பணத்தைவிட முக்கியம், அடுத்து வருகிறவரின் ஹெட்டை அநாவசியமாக இறக்காமல் இருப்பது. அதையும் சொன்னேன்.

16 ஏப்ரல், செவ்வாய்

வேண்டுமென்றே சாயந்திர நெரிசலில் டின் ஃபாக்டரி போனேன். கே.ஆர்.புரம் தொங்குபாலம் வரைக்கும் ஊர்ந்தேன். முள் பாதிக்குக் கொஞ்சம் கீழே, ஆணி அடித்த மாதிரி நின்றது.

19 ஏப்ரல், வெள்ளி

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். சில்க் போர்டு காலியாக இருந்தது. எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் அப்பாதான் ஓட்டினார். அத்திபள்ளி, ஓசூர், சூளகிரி. மேலுமலை இறக்கத்தில் சூரியன் நேர் எதிரே. அம்மா பின்சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார்.

காவேரிப்பட்டினத்தில் வாக்குச்சாவடி திறந்த கொஞ்ச நேரத்தில் இருவரும் வரிசையில் நின்றுவிட்டார்கள். முட்டி வலி என்று சொன்னதும் அம்மாவை முன்னால் விட்டார்கள். விரல் மையோடு வந்து முதலில் கேட்டது, "வண்டி சூடாச்சா?"

21 ஏப்ரல், ஞாயிறு

திரும்பும்போது தனியாக ஓட்டினேன். எனக்கு இதுதான் உண்மையான பரீட்சை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் மொத்தத்தில் ஏற்றம்தான். வேண்டுமென்றே மத்தியானம் கிளம்பினேன். டிக்கியில் தேங்காய், புளி, ஒரு மூட்டை அரிசி. மேலுமலை ஏற்றத்தில் ஒரு சரக்கு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு இரண்டாம் கியரில் ஏறினேன். எஞ்சினுக்கு முழுப் பாரம், எதிர்க்காற்று குறைவு, வெளியே நெருப்பு வெயில். முள் பாதியைத் தொட்டது. ஃபேன் ஓடும் சத்தம் காலடியில் கேட்டது. ஏற்றம் முடிந்து லாரியைத் தாண்டியதும் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

சூளகிரியில் நிறுத்தி டீ குடித்தேன். பானெட்டைத் திறந்து, கேப்பைத் தொடாமல், ரிசர்வ் டப்பாவை மட்டும் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில், கலங்காத பச்சை.

28 ஏப்ரல், ஞாயிறு

பெங்களூரில் இன்றைக்கு 38.5 டிகிரி என்று செய்தி. ஏப்ரல் முடியப்போகிறது, ஒரு துளி மழை இல்லை. மார்ச்சில் வந்த உத்தரவின்படி குடிநீரில் வண்டி கழுவினால் 5000 ரூபாய் அபராதம். அதனால் எண்ணூறு புழுதியோடுதான் நிற்கிறது. கழுவாவிட்டாலும் ரேடியேட்டர் துடுப்புகளில் சேர்ந்த தூசியை மட்டும் எஞ்சின் பக்கத்திலிருந்து காற்றடித்து எடுத்துவிட்டேன். முன்பக்கத்திலிருந்து அடித்தால் பூச்சியும் தூசியும் இன்னும் உள்ளே போய் அடைக்கும்.

வெள்ளிக்கிழமை இங்கே ஓட்டுப்பதிவுக்குப் போனபோதும், நேற்று மார்க்கெட் நெரிசலிலும் முள் அசையவில்லை. அப்பா தினமும் போனில் கேட்கிறார், மேல் கீழ் ஹோஸ் எண்களைச் சொன்னால்தான் திருப்தி.

கீழ் ஹோஸ் கைக்குக் கொஞ்சம் மெத்தென்று இருக்கிறது. ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. மே முதல் வாரம் ஜே.சி. ரோட்டில் இரண்டு ஹோஸும் கிளிப்போடு வாங்கி மாற்ற வேண்டும். அதற்குப் பிறகு ஆர்.சி. வேலை.